சமூலா கோயிலுக்குள் பயணிகள் போகலாமா?

மலைக்காற்று: டிசம்பரில் மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்துக்குப் போகிறோம். 2,100 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கும் சான் கிறிஸ்டோபல் தே லாஸ் காசாஸ் ஊரில் நான்கு நாள் தங்கப் போகிறோம். அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் சான் ஹுவான் சமூலா என்ற மாயா பழங்குடியினரின் கிராமம் இருக்கிறது. அதன் கோயிலுக்குள் போவது சரியா?

நாடோடி: தயங்காமல் போங்கள். சான் கிறிஸ்டோபல் சந்தைப் பக்கத்திலிருந்து ஷேர் வேன் கிடைக்கும். கோயிலுக்குள் பெஞ்ச் கிடையாது, தரை முழுக்கப் பைன் இலை. அதை ஒதுக்கிவிட்டு, மெழுகை உருக்கி ஊற்றி வெறும் தரையிலேயே வரிசையாக மெழுகுவர்த்தி நடுவார்கள். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சோட்சில் என்கிற தங்கள் மாயா மொழியில் வேண்டிக்கொள்வார்கள். பெயருக்குக் கத்தோலிக்கக் கோயில், வழிபாடு முழுக்க அவர்களுடையது.

கயல்: நான் போயிருக்கிறேன். இன்னொரு தடவை உள்ளே போக மாட்டேன். எனக்கு இரண்டடி தூரத்தில் ஒரு பாட்டி, நோயில் துவண்டிருந்த ஒரு சிறுமியின் தலை, தோள், முதுகு என்று முட்டையால் தடவிக்கொண்டே வேண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போஷ் என்கிற கரும்புச் சாராயம், கோகோ கோலா, கால் கட்டிய ஒரு கோழி. அந்தக் கோழியைச் சிறுமியின் மேல் சுற்றிவிட்டுக் கழுத்தைத் திருகினார். எங்கள் குழுவில் இருபது பேர், அத்தனை பேரும் நின்று பார்த்தோம். சிறுமியின் அம்மா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் சால்வையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிவிட்டார்.

நாடோடி: உங்கள் மனசு புரிகிறது. ஆனால் நுழைவுச் சீட்டு விற்பதே சமூலா ஊர்க்காரர்கள்தானே. உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று விதித்து, அதைக் கறாராக நடத்துவதும் அவர்கள்தான். இந்த மலை மக்களின் வறுமையும் நிலப் பிரச்சினையும்தான் 1994 ஜனவரி 1 அன்று ஸபதிஸ்டா என்கிற பழங்குடியினரின் ஆயுத எழுச்சியாக வெடித்தது. பயணிகளின் பணம் முழுக்க நகரத்து விடுதிக்காரர்களுக்கே போகவேண்டுமா?

கயல்: ஊர் என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள், நாடோடி. சுவிசேஷச் சபைகளுக்கு மாறினார்கள் என்பதற்காக 1970களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை இதே ஊர்த் தலைவர்கள் விரட்டினார்கள். அவர்களில் பலர் சான் கிறிஸ்டோபலின் ஓரங்களில் குடியேறினார்கள். தலைவர்கள் சீட்டு விற்றால் அந்த அம்மாவும் சம்மதித்துவிட்டார் என்று ஆகிவிடுமா?

தறியடி: பணம் கிராமத்துக்குப் போகவேண்டும் என்றால் பக்கத்திலிருக்கும் சினகாந்தானுக்குப் போங்கள். பூ வளர்க்கிற ஊர், பெண்களின் சால்வையிலும் பூவேலைதான். தறியின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை இடுப்புப் பட்டையில் மாட்டி, முட்டி போட்டு நெய்வார்கள். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். வாங்கினால் தயவுசெய்து அடித்துப் பேரம் பேசாதீர்கள், ஒவ்வொன்றும் பல நாள் வேலை.

நாடோடி: இருபது பேராகப் போவது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பேராகப் போய், சுவரோரம் சற்று நேரம் நின்றுவிட்டு வரலாம் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

கயல்: இரண்டு பேர் பார்த்தாலும் அந்தக் குழந்தைக்கு அதேதான்.

மலைக்காற்று: கணவர் நாடோடி பக்கம், நான் கயல் பக்கம். அவர் உள்ளே போகும்போது நான் வெளியே சந்தையில் இருந்துகொள்கிறேன். சினகாந்தானுக்குச் சேர்ந்தே போவோம். டிசம்பரில் குளிர் எப்படி?

கயல்: ராத்திரியில் நன்றாகவே குளிரும். பல விடுதிகளில் ஹீட்டர் இருக்காது, கேட்டுவிட்டு அறை போடுங்கள்.