இலவச வக்கீலை நம்பலாமா, 40 ஆயிரம் கடன் வாங்கலாமா?

பனங்கிழங்கு

என் சித்தி மகன் மேல் பம்புசெட் மோட்டார் திருட்டு வழக்கு. வயது 22. எடுத்தானா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. ரிமாண்ட் அன்றே இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலைப் போட்டார்கள். கிளைச் சிறையில் இருந்தவரைக்கும் அவர் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. 60 நாள் தாண்டியும் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை. 61-ஆம் நாள் ஒரு மனு போட்டிருந்தால் ஜாமீன் உரிமையாகவே கிடைத்திருக்குமாம். யாரும் போடவில்லை. 64-ஆம் நாள் குற்றப்பத்திரிகை வந்தது, அந்த உரிமை போனது.

81-ஆம் நாள் சாதாரண ஜாமீன் கிடைத்தது. இரண்டு ஜாமீன்தாரர், தலா பத்தாயிரம், வீட்டு வரி ரசீதோடு வர வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ரசீது வைத்திருப்பவர்கள் மூன்றே பேர். அதில் ஒருத்தர் புகார் கொடுத்தவருக்குச் சம்பந்தி. அலைந்து திரிந்து ஆள் பிடிக்க இன்னும் 19 நாள். மொத்தம் 100 நாள் உள்ளே.

இப்போது விசாரணை தொடங்கப் போகிறது. தனி வக்கீல் 40 ஆயிரம் கேட்கிறார். சித்தி வட்டிக்கு வாங்கத் தயாராக நிற்கிறாள். என் கருத்து இது: இலவச வக்கீல் என்பது வெறும் கையெழுத்து. அந்தத் திட்டத்தையே மூடிவிட்டு, ஏழைக்குப் பணத்தைக் கொடுத்தால் அவனே ஒரு வக்கீலைப் பார்த்துக்கொள்வான்.

கறுப்புக்கோட்டு

ஒன்பது வருடமாக, இலவச வக்கீல் போட்டுத்தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பேனலில், அதாவது வழக்குக்கு வழக்கு கூப்பிடும் வக்கீல்கள் பட்டியலில், இருக்கிறேன். அந்த வக்கீல் செய்தது தப்பு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் உங்கள் கணக்கில் ஒரு பாதியைக் காணோம். பேனல் வக்கீலுக்குத் தொகை வழக்குக் கணக்கில். இரண்டு வருடத்துக்கு முன் முடித்த ஒரு வழக்கின் பில் எனக்கு இன்னும் வரவில்லை. சிறைக்கு ஒரு நடை போனால் பெட்ரோல், அரை நாள், அன்றைக்கு வரும் வேறு கட்சிக்காரர், எல்லாம் என் கையிலிருந்துதான் போகிறது. நேரத்துக்குக் காசு கொடுங்கள், இதே வக்கீல்கள் வேலை செய்வார்கள்.

இன்னொன்று. கையில் பணம் கொடுத்தால் கோர்ட் வாசலில் நிற்கும் தரகர்தான் முதலில் வாங்கிக்கொள்வார்.

கத்தரிவெயில்

திருடனுக்கு நம் வரிப்பணத்தில் வக்கீல், அதிலும் அவர் சிறைக்குப் போய்ப் பார்க்கவில்லை என்று புகார். மோட்டாரைப் பறிகொடுத்த விவசாயிக்கு யார் பேசுவது?

அல்லிராணி

கத்தரிவெயில் சார், அந்த விவசாயிக்கு அரசு வழக்கறிஞர் இருக்கிறார், அதுவும் உங்கள் வரிப்பணம்தான். மும்பைத் தாக்குதல் வழக்கில் கசாபுக்கே அரசு செலவில் வக்கீல் இருந்தார். 2012 தீர்ப்பில், கைதியை முதல்முறை முன்னிறுத்தும்போதே வக்கீல் உரிமையைச் சொல்ல வேண்டியது நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) கடமை என்றும் உச்ச நீதிமன்றம் எழுதியது. அவனுக்கே அந்த உரிமை என்றால் பம்புசெட் பையனுக்கு என்ன குறைச்சல்?

பனங்கிழங்குக்கு வருகிறேன். நான் 2022-இல் வந்த புதுத் திட்டத்தில் முழுநேர சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர். மாதச் சம்பளம், வெளியே பிராக்டிஸ் கூடாது. எங்கள் அலுவலகத்தில் நீள நோட்டு ஒன்று இருக்கிறது. ரிமாண்ட் ஆன ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் 60-ஆம் நாள், பெரிய குற்றமென்றால் 90-ஆம் நாள், தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைப்போம். காலையில் முதல் வேலை அதைப் புரட்டுவதுதான். பேனல் முறையில் அந்தத் தேதி யார் தலையிலும் இல்லை. நோய் ஆளிடம் இல்லை, முறையில் இருக்கிறது.

கறுப்புக்கோட்டு

நோட்டு நல்ல நோட்டுதான் மேடம். ஆனால் உங்களைத் தேர்ந்தெடுத்த குழுவுக்குத் தலைவர் யார்? மாவட்ட முதன்மை நீதிபதி. ஒப்பந்தம் இரண்டு வருடம், அப்புறம் வருடாவருடம் நீட்டிப்பு. உங்கள் வேலை எப்படி என்று பார்ப்பதும் அவரைத் தலைவராகக் கொண்ட ஆணைக்குழுவே. செஷன்ஸ் வழக்கில் நீங்கள் நின்று வாதாடுவதும் அவர் முன்னால். போலீஸ் சாட்சியை இரண்டு நாள் குறுக்கு விசாரணை செய்யத் துணிவீர்களா? நான் செய்வேன். எனக்கு அவர் சம்பளம் போடவில்லை.

அல்லிராணி

இதற்கு மழுப்ப மாட்டேன். போன வருடம் ஓர் அடிதடி வழக்கில் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். மணி ஐந்தேகால். "இன்னும் எத்தனை கேள்விம்மா?" என்று மேலிருந்து குரல் வந்தது. தாளில் பதினாலு பாக்கி. ஒன்பதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். விட்ட ஐந்தில் காயத்தின் நேரம் பற்றியது ஒன்று. நீதிபதி என்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், அது எனக்கும் தெரியும். ஆனாலும் உட்கார்ந்தேன்.

நீட்டிப்பு முடிவு நீதிபதி கையில் இருக்கக் கூடாது என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அதற்காகப் பேனலுக்குத் திரும்ப முடியாது.

கத்தரிவெயில்

எல்லாரும் கதை சொல்கிறீர்கள். கணக்கு எளிது. இலவச வக்கீல் நடத்திய வழக்கில் எத்தனை பேர் விடுதலை, தனி வக்கீல் நடத்தியதில் எத்தனை பேர் விடுதலை? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

வேப்பமரத்தடி

முப்பத்தொரு வருடம் கோர்ட் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் கணக்கு ஏமாற்றும் சார். விடுதலையில் பாதி, சாட்சி பிறழ்ந்ததால் வருவது. வக்கீல் தூங்கினாலும் விடுதலை, விழித்திருந்தாலும் விடுதலை. அதை வைத்து மார்க் போட்டால் கஷ்டமான வழக்கை எவரும் தொட மாட்டார்கள்.

இந்தப் பையன் விஷயம் முதல் ராத்திரியிலேயே கெட்டிருக்கிறது. நடுவர் வீட்டு வாசலில் இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. ஒன்பதரை மணி. ஏட்டு வழக்குக் கட்டை நீட்டுவார். "வக்கீல் இருக்காரா?" "இல்லைங்கய்யா." "அரசு செலவில் வைக்கணுமா?" பையன் ஏட்டு முகத்தைப் பார்ப்பான். ஏட்டு மெல்லத் தலையை ஆட்டுவார். பையனும் ஆட்டுவான். "சட்ட உதவி பற்றி எடுத்துரைக்கப்பட்டது, தேவையில்லை என்றார்" என்று தாளில் ஏறும். பிற்பாடு அதற்கு ரப்பர் ஸ்டாம்பே வந்துவிட்டது.

உங்கள் பையனுக்கு வக்கீல் போட்டார்கள், சரி. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள வழக்கில் கைது ஏன் தேவை என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும், நடுவர் அதைப் பார்த்துத்தான் ரிமாண்ட் செய்ய வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது. அன்றைக்கு அந்த வக்கீல் வாயைத் திறந்து இதைக் கேட்டாரா? எண்ண வேண்டியது அதைத்தான். ரிமாண்டில் எதிர்த்தாரா, எத்தனையாவது நாள் கைதியைப் பார்த்தார், 61-ஆம் நாள் மனு போனதா, ஜாமீன் கிடைத்து எத்தனை நாளில் ஆள் வெளியே வந்தான். நான்கும் தேதிகள், கட்டிலேயே இருக்கும். ஆண்டறிக்கையில் வருவது எத்தனை பேருக்கு உதவி, எத்தனை முகாம் என்றுதான். பந்தியில் எத்தனை இலை போட்டோம் என்று எண்ணுகிறார்கள், சோறு விழுந்ததா என்று பார்ப்பதில்லை.

பனங்கிழங்கு

ஐயா, அந்த 19 நாளுக்கும் வழி இருந்ததா?

அல்லிராணி

இருந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற நிபந்தனை தடையாக இருந்தால் தளர்த்தக் கேட்கலாம். 88-ஆம் நாள் அந்தக் கடிதம் போயிருக்க வேண்டும்.

கறுப்புக்கோட்டு

61-ஆம் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் டி.ஆர்.ஐ. (மத்திய வருவாய்ப் புலனாய்வுத் துறை) பிடித்த போதைப்பொருள் வழக்கு ஒன்று. அதில் கெடு 180 நாள். கெடு முடிந்த மறுநாள் காலை பத்தரைக்கு ஜாமீன் மனு போனது, சாயங்காலம் கூடுதல் புகாரை (அந்த வழக்கில் குற்றப்பத்திரிகை மாதிரி) கொண்டுவந்து வைத்தார்கள். உயர் நீதிமன்றம் ஜாமீனை ரத்து செய்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம், மனு முதலில் வந்துவிட்டது, உரிமை போகாது என்று திருப்பிக் கொடுத்தது. அந்தக் காலைப் பொழுதுக்குத்தான் வக்கீல் வேண்டும். உங்களுக்கு மூன்று நாள் அவகாசம் இருந்தது, பனங்கிழங்கு. அதை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

கத்தரிவெயில்

அப்படியென்றால் நீங்களும் அவர் பக்கம் வந்துவிட்டீர்கள்.

கறுப்புக்கோட்டு

இல்லை. மூடிவிடு என்பது அவர் கட்சி. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். திட்டத்தை மூடினால் இவர்களில் எத்தனை பேர் 40 ஆயிரம் புரட்டுவார்கள்? தனி வக்கீல் என்றால் உத்தரவாதம் என்பதும் கற்பனை. காசு வாங்கிக்கொண்டு வாய்தா மேல் வாய்தா வாங்குகிறவரும் எங்கள் சங்கத்தில்தான் இருக்கிறார்.

வேப்பமரத்தடி

தம்பி, கடன் வாங்கும் முன் மாவட்ட ஆணைக்குழு அலுவலகம் போய், வக்கீலை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பையன் இப்போது வெளியே இருப்பதால் வருமானம் கேட்பார்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் வரம்பு, உங்களுக்குச் சிக்கல் வராது. உள்ளே இருந்தபோது அதுகூடத் தேவையில்லை, காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் தகுதி உண்டு. நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "ஒத்துக்கோ, இருந்த நாளைக் கழித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்" என்று யாராவது சொல்வார்கள். வக்கீலே சொல்லலாம், ஏனென்றால் கட்டு சீக்கிரம் முடியும். 100 நாள் இருந்தவனுக்கு அது ஆசையாகத்தான் இருக்கும். ஒத்துக்கொண்டால் தண்டனை பெற்றவன் என்ற பெயர் நிற்கும். ஊரில் அடுத்த மோட்டார் காணாமல் போனால் ஜீப் நேராக உங்கள் தெருவுக்கு வரும்.

பனங்கிழங்கு

ஐயா, போனேன். வருமானச் சான்று, ஆதார் நகல், ஒரு மனு. நாலாவது நாள் வேறு ஒருவரைப் போட்டார்கள், முழுநேர வக்கீல், சின்ன வயது பெண். தம்பியை உட்கார வைத்து ஒன்றேகால் மணி நேரம் பேசினார். முதல் கேள்வி, "மோட்டார் எத்தனை எச்.பி.?" இவன் முழித்தான். எஃப்.ஐ.ஆரில் 5 என்று இருக்கிறது, மோட்டாரைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதிய மகஜரில் 7.5 என்று எழுதியிருக்கிறார்கள். மகஜர் சாட்சி இரண்டு பேரும் எந்த ஊர் என்று விசாரித்துவரச் சொல்லியிருக்கிறார்.

திட்டத்தை மூட வேண்டும் என்றதை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன், வாபஸ் இல்லை. பழைய வக்கீல் மேல் புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டேன். சித்தி கடன்காரரிடம் பத்து நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறாள்.

கறுப்புக்கோட்டு

அந்த மகஜருக்கு முதலில் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள். நாளைக்கே நகல் மனு போடுங்கள்.