நேரில் பார்க்காத ஆசிரியர்: ஏ. கே. ராமானுஜன்

இந்தக் குழுவில் உங்களை உருவாக்கிய ஆசிரியர்களைப் பற்றி எல்லோரும் எழுதிவருகிறீர்கள். நான் எழுதப்போகிறவரை, கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ. கே. ராமானுஜனை, நான் பார்த்ததே இல்லை. 1993 ஜூலை 13 அன்று அவர் சிகாகோவில் காலமானபோது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன், பெயர்கூடத் தெரியாது.

செய்யாற்றை அடுத்த கிராமத்தில் தமிழ்வழியில் படித்துவிட்டு, முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கச் சென்னைக்கு வந்தேன். வகுப்பில் வாய் திறக்கவே அஞ்சுவேன். ஒருநாள் நூலகத்தில் ஓர் ஆங்கிலக் கவிதை கண்ணில் பட்டது. உன் தாய்க்கு என் தாய் என்ன உறவு என்று தொடங்கியது. இரண்டாவது வரியிலேயே நெஞ்சு அடித்துக்கொண்டது. "யாயும் ஞாயும் யாரா கியரோ!" பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய அதே குறுந்தொகைப் பாட்டு. எதை மறைத்துக்கொண்டு அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தேனோ, அதுவே ஆங்கிலத்தில் எழுந்து வந்து என் முன் நின்றது.

மொழிபெயர்த்தவர் யார் என்று தேடத் தொடங்கினேன். 1929இல் மைசூரில் தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரியில் முதலில் அறிவியல்தான் எடுத்திருந்தார். மகனுக்குக் கணக்கு வராது என்று கண்ட தந்தை, கணிதப் பேராசிரியர், அவரை ஆங்கிலத்துக்கு மாற்றினார். கொல்லம், பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக ஆங்கிலம் கற்பித்தார். பெல்காமில் இருந்தபோதே கன்னட நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தார். ஆங்கில ஆசிரியர் ஒருவர், வீட்டுப் பெண்கள் சொல்லும் கதைகளைக் காது கொடுத்துக் கேட்டு எழுதி வைத்தது எனக்குப் பெரிய செய்தி. முப்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் மாணவரானார்: புனே டெக்கான் கல்லூரியில் மொழியியல், பிறகு இந்தியானா பல்கலைக்கழகம், 1963இல் முனைவர் பட்டம்.

1962இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடி நூலகத்தின் நிலவறைக்குப் போயிருக்கிறார். பழந்தமிழ் அவர் முறையாகப் படித்ததில்லை. அங்கே கையில் கிடைத்தது உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு. அலமாரிகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்து படித்தார். உரை புரிந்தது, உரை பாட்டைத் திறந்துவிட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1967இல், அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு நூலாக வந்துவிட்டது. சொந்த மரபுகூட, அதில் பிறந்துவிட்டதாலேயே நமக்கு உரியதாகிவிடாது, உழைத்துத்தான் அதை மீட்டுக்கொள்ள வேண்டும் என்று பின்னர் எழுதினார். வகுப்பில் என் பயம் போனது அதைப் படித்த பிறகுதான். இன்று நானும் ஆங்கிலம் கற்பிக்கிறேன்.

மறுமொழி, பெங்களூரிலிருந்து:

அம்மா, உங்கள் பகிர்வை இரண்டு முறை படித்தேன். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இலக்கியம் படித்தவன் அல்லன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவன். ராமானுஜன் வீட்டிலும் அப்படித்தானாம்: அம்மாவோடு தமிழ், மாடியில் அப்பாவின் அறையில் ஆங்கிலம், வெளியே கன்னடம்.

என் அப்பா பள்ளியில் அறிவியல் ஆசிரியர். கிரகணம் ஏன் வருகிறது என்று எலுமிச்சம்பழத்தை வைத்து விளக்குவார். ராகு காலத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார். இளவயதில் இதற்காக அவரிடம் நான் கடுமையாகப் பேசியிருக்கிறேன். இந்தியச் சிந்தனை முறை பற்றிய ராமானுஜனின் கட்டுரை அப்பா இறந்த பிறகுதான் கைக்கு வந்தது. ராமானுஜனின் தந்தையும் வானியல் அறிந்தவர், சோதிடமும் பார்ப்பவர். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்ட மகனிடம், மூளைக்கு இரண்டு பாதி உண்டே, தெரியாதா என்றாராம். ராமானுஜன் அப்பாவை விட்டுக்கொடுக்கவும் இல்லை, தன் கேள்வியைக் கைவிடவும் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்து ஒரு முழுக் கட்டுரையையே எழுதினார். நான் கேள்வியோடு நின்றுவிட்டேன். அப்பாவின் பஞ்சாங்கங்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

இன்றைய மாணவர்கள் அவரை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள், அம்மா?

மறுமொழி:

ஐயா, போன பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அதே பாட்டை வைத்துப் பாடம் நடத்தினேன். "அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே" என்பதை அவர் 1967 நூலில் 'பிரிக்க முடியாதபடி கலந்தன' என்ற பொருள் வரும்படி முடித்திருப்பார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு மாணவி எழுந்து, "பிரிக்க முடியாதபடி என்று மூலத்தில் இல்லையே, மேடம். இவராகச் சேர்த்துவிட்டாரே" என்றாள். கோபமாகவே கேட்டாள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அவளையே நூலகத்துக்கு அனுப்பி உ.வே.சா. பதிப்பை எடுத்துவரச் சொன்னேன்.

பாட்டோடு உள்ள குறிப்பை அவளே வாய்விட்டுப் படித்தாள்: 'பிரிவர்' எனக் கருதி அஞ்சிய தலைமகளின் குறிப்பு வேறுபாட்டைக் கண்டு தலைமகன் கூறியது. பாட்டில் இல்லாத பிரிவு அந்தக் குறிப்பில் இருந்தது. நிலவறைத் தரையில் உட்கார்ந்து படித்த மனிதர் அதை அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பிரிவச்சம் குறிப்பில் இருக்கட்டும், பாட்டுக்குள் ஏன் வர வேண்டும் என்று மறுநாளும் கேட்டாள். இப்போது அந்தப் பாட்டுக்குத் தன்னுடைய மொழிபெயர்ப்பை எழுதிக்கொண்டிருக்கிறாள். 'கலந்தன' என்பதோடு நிறுத்தியிருக்கிறாள்.