ஞாயிறு ராமேஸ்வரம் சைக்கிள் பயணம்: பின் சக்கரம் ஓயாமல் பஞ்சர், உடனே உதவி தேவை

கண்டனூரான்:
அவசரம். எங்கள் ஊர்ப் பள்ளி நூலகத்துக்கு நிதி திரட்ட ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரம் வரை சைக்கிளில் போகிறேன். பின் சக்கரம் மட்டும் பஞ்சர் ஆகிக்கொண்டே இருக்கிறது. கடையில் ஒட்டி வந்தாலும் மறுநாள் காற்று இறங்கிவிடுகிறது. என்ன செய்வது? துணைக்கு ஒரு வண்டி வருகிறது, அதில் என்னென்ன வைக்க வேண்டும்?

தேவகோட்டை ரஸ்தா:
எந்த சைக்கிள்? டயர் அளவு என்ன? எவ்வளவு காற்று அடிக்கிறீர்கள்? ஓட்டை டியூபின் எந்தப் பக்கம்? எந்த வழியாகப் போகிறீர்கள்?

செம்மண்:
இதில் கேட்க என்ன இருக்கிறது, சீமைக் கருவேல முள்தான். நம் பக்கம் சாலையோரம் முழுக்க அதுதானே. நுனி ஒடிந்து டயருக்குள் நின்றுவிடும், ஒட்டிய டியூபை மறுபடி குத்தும். டயரைக் கழற்றி உள்பக்கத்தைப் பஞ்சால் துடையுங்கள், முள் இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். விரலால் தடவ வேண்டாம்.

பள்ளத்தூர் அக்கா:
முள்ளாகத்தான் இருக்க வேண்டுமா? காற்றைக் குறைவாக வைத்துக்கொண்டு குழியில் இறக்கினால் டியூப் ரிம்மில் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். தம்பி, உங்கள் எடை என்ன?

நெடுந்தூரன்:
புறப்படும் வாரத்தில் வந்து டியூபைப் பற்றிக் கேட்பவர், பாம்பன் பாலத்தில் 2 கிலோமீட்டருக்கு மேல் பக்கக் காற்றை எப்படிச் சமாளிப்பார் என்று தெரியவில்லை. ஓட்டை ரிம் பக்கம் இருந்தால் முள்ளைத் தேடுவது வீண் வேலை. ரிம்மில் ஸ்போக் முனைகளை மூடியிருக்கும் நாடா விலகி, முனை டியூபைக் குத்துகிறது. இதெல்லாம் அரிச்சுவடி.

செம்மண்:
அரிச்சுவடியை அன்பாகவும் சொல்லித் தரலாம், ஐயா. முள் என்றே நான் இன்னும் சொல்கிறேன்.

ரயிலடி:
குறுக்கே ஒரு கேள்வி. டீசல், ஓட்டுநர் படி, சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டினால் அந்தப் பணத்துக்குப் புத்தகமே வாங்கிக் கொடுத்துவிடலாமே?

பள்ளத்தூர் அக்கா:
தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கும் நகரத்தாரிடம், ‘பஸ்ஸில் போய் மிச்சத்தை உண்டியலில் போடுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். நடப்பவரைக் கண்டால்தான் வழியில் இருப்பவர் மோர்ப் பானையை வெளியே கொண்டுவந்து வைப்பார்.

ரயிலடி:
அது நேர்த்திக்கடன், இது நன்கொடை. கணக்குக் கேட்கத்தான் செய்வார்கள்.

பள்ளத்தூர் அக்கா:
கேட்கட்டும், எழுதிக் காட்டட்டும். செலவைத் தம்பி கைக்காசில் செய்கிறாரா என்பது உங்களுக்குத் தெரியுமா?

நெடுந்தூரன்:
இரண்டு பயணத்துக்கும் தண்ணீர் வேண்டும். தலைப்புக்கு வாருங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
தேவகோட்டை, ஆர்.எஸ். மங்கலம், ராமநாதபுரம் வழி என்றே வைத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ 140 கிலோமீட்டர். வண்டி உங்கள் பின்னால் ஊர்ந்து வரக்கூடாது, அதை முந்தும் பஸ் உங்களை உரசிவிடும். 15 கிலோமீட்டர் முன்னே போய் ஓரமாக நிற்கட்டும். மண்டபத்தில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பாலத்தில் நிற்காமல் அக்கரை போய்விட வேண்டும். கூடுதல் டியூப் இரண்டு, பம்பு, டயர் நெம்பி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வாழைப்பழம், கடலை மிட்டாய் போதும். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புங்கள், பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். ஆர்.எஸ். மங்கலம் பக்கம் வெட்டவெளி.

செம்மண்:
அங்கேதான் ‘நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்’. அவ்வளவு அகலம், பறந்து கடக்க நாரையே மலைத்த இடம், வெயில் ஏறும் முன் தாண்டிவிடுங்கள்.

நெடுந்தூரன்:
கேள்வி கேட்டவர் எங்கே?

கண்டனூரான்:
ஓட்டை ரிம் பக்கம்தான். நாடா மாற்றிவிட்டேன், நேற்றிலிருந்து காற்று நிற்கிறது. வழி ரஸ்தா அண்ணன் சொன்னதேதான். வண்டியில் மாமா வருகிறார். எல்லோருக்கும் நன்றி.

செம்மண்:
எதற்கும் டயரையும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
மாமாவுக்கு டியூப் மாற்றத் தெரியுமா?

பள்ளத்தூர் அக்கா:
தம்பி, எடையை இன்னும் சொல்லவில்லை.