பல்கலைக்கழக வேன் ஸ்கூலுக்கு வந்து போனால் யாருக்கு லாபம்?

வேலந்தாவளத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. ஆந்திராச் சித்தூர் இல்லை. ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டுக்கொண்டு ஒருத்தர் வருவார், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெண் ஒன்பதாவது, தமிழ் மீடியம். போன வாரம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வேனில் இருபது பேர் வந்து அறிவியல் நாள் நடத்தினார்கள். தண்ணீர் பாட்டிலில் ராக்கெட் விட்டார்கள். வினிகரையும் ஆப்பசோடாவையும் கலந்து எரிமலை பொங்கவைத்தார்கள். பிள்ளைகளைப் பேனருக்கு முன்னால் மூன்று தடவை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். மூன்றே முக்காலுக்கு வேன் கிளம்பியது, பேனரும் சுருட்டிக்கொண்டு கூடவே போனது. வீட்டுக்கு வந்த பெண்ணிடம் என்னடி கற்றுக்கொண்டாய் என்றேன். "பப்ஸ் குடுத்தாங்கப்பா" என்றாள்.

அடுத்த வருஷமும் இவர்களைக் கூப்பிடலாமா என்று பிடிஏவில் (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமென்று இருக்கிறேன். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடுகிற தேசிய அமைப்பான நாக், தன் மதிப்பீட்டில் 'விரிவாக்கம்' என்று ஒரு தலைப்பு வைத்திருக்கிறது. ஊருக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள், அதற்குப் படமும் கையெழுத்துப் பட்டியலும் காட்ட வேண்டும். நம் பிள்ளைகள் அந்த ஃபைலுக்குத்தான் உதவுகிறார்கள் என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மறையூரான்:

அண்ணா, அப்படி வேனில் வருகிற இருபது பேரில் ஒருத்தன் நான். உங்கள் ஊருக்கு வந்தது நாங்கள் இல்லை, ஆனாலும் சுடத்தான் செய்கிறது. பிஎச்டி மூன்றாம் வருஷம், இயற்பியல்.

இடுக்கி மாவட்டம் மறையூரில் கரும்புக்காட்டுக்கு நடுவில் எங்கள் வீடு. 2009ஐச் சர்வதேச வானியல் ஆண்டு என்று அறிவித்தார்கள், கலிலியோ தொலைநோக்கியை வானத்துக்குத் திருப்பி 400 வருஷம் ஆனதற்காக. அந்த வருஷம் ஒரு கல்லூரிக்காரர்கள் எங்கள் ஸ்கூல் மைதானத்தில் ராத்திரி தொலைநோக்கி வைத்தார்கள். வரிசையில் நின்று என் முறை வந்து கண்ணை வைத்தால், மஞ்சளாக ஒரு பொட்டு, அதன் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நாலு புள்ளி. வியாழனும் அதன் நிலாக்களும். அரை நிமிஷம் பார்த்திருப்பேன், பின்னால் நின்றவன் தள்ளிவிட்டான். அவர்களும் அன்றைக்கே போய்விட்டார்கள், திரும்பி வரவே இல்லை. நான் இன்றைக்கு இந்தத் துறையில் இருப்பது அந்த அரை நிமிஷத்தால்.

ஃபைலுக்காகத்தான் வருகிறார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஃபைல் இல்லையென்றால் வேனுக்கு டீசல் யார் போடுவார்கள்? 2015 ஜூலையில் அப்துல் கலாம் தொடங்கிவைத்தாரே, ராஷ்ட்ரிய ஆவிஷ்கார் அபியான் என்கிற மத்திய அரசுத் திட்டம், அதுவும் உயர்கல்வி நிறுவனங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கைகொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. காகிதத்தில் இருந்தால்தான் இறங்கி வருகிறார்கள், என்ன செய்ய.

நகரிக்காரன்:

ஒவ்வொரு தடவையும் வருகிற அந்த ஒருத்தர் நான்தான். வந்துவிட்டேன்.

1960 ஏப்ரல் 1இல் ஆந்திராச் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். எங்கள் பக்கமும் இதே கதைதான் என்பதால் சொல்கிறேன், மறையூர்த் தம்பி வழுக்கிக்கொண்டு போகிறார். அரை நிமிஷம் தொலைநோக்கி பார்த்து ஒருத்தர் விஞ்ஞானி ஆனார், நல்லது. அன்றைக்கு அதே வரிசையில் நின்ற மற்றவர்கள் என்ன ஆனார்கள்? உங்களைப் பின்னாலிருந்து தள்ளினவன் என்ன செய்கிறான்?

ஸ்கூலில் கணக்கு வாத்தியார் பணியிடம் காலியாக இருக்கும். அங்கே எரிமலை காட்ட ஒரு வேன் வரும். மறுநாள் பேப்பரில் படம். பார்க்கிறவனுக்கு எல்லாம் நன்றாக நடக்கிற மாதிரி இருக்கும். அரசியல் சட்டத்தில் 350ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, 1956இல் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்து தருவது மாநிலத்தின் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்க வேண்டிய நேரத்தில் நாம் பப்ஸ் வாங்கிக்கொண்டு இருக்கிறோம்.

சாக்பீஸ் டீச்சர்:

வேலந்தாவளம் அண்ணா ஊருக்குப் பக்கத்தில்தான் நானும், வேறு ஸ்கூல். 18 வருஷமாகத் தமிழ் மீடியத்தில் அறிவியல் எடுக்கிறேன்.

நகரி சார், 350ஏவை முழுசாகப் படித்துப் பாருங்கள். தொடக்கக் கல்விக்கு மட்டும்தான், அதுவும் மாநிலம் 'முயல வேண்டும்' என்கிற அளவுக்குத்தான். என் எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளை அது தொடவில்லை. கேட்டு வாங்குங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரைக்கும் நாளைக்குக் காலை முதல் பீரியடுக்கு நான் என்ன செய்வது?

எங்களுக்கும் வேன் வந்தது. வந்தவர்கள் நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல முடியாது. ஒரு பையன் தள்ளுவண்டியை வைத்து நியூட்டன் விதி சொன்னான். "பலம் கூடினா த்வரணம் கூடும்" என்றான். என் பிள்ளைகள் தலையாட்டினார்கள். பலம் கூடினால் நல்லதுதானே! அவன் மலையாளப் பாடப்புத்தகச் சொல்லைச் சொல்கிறான், இவர்கள் புஜபலம் என்று புரிந்துகொள்கிறார்கள். பிறகு ஃபோர்ஸ், ஆக்ஸலரேஷன் என்று பார்த்தான். பாதி வகுப்பு விழித்தது. பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து "விசை, முடுக்கம்" என்றேன். "ஓ" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அந்தப் பையன் முகம் சிறுத்துப்போனது. மூன்று மொழியில் நடந்த பாடத்தில் தமிழ் இரண்டே சொல்.

அன்றைக்கு வந்தவர்களில் எனக்கு உருப்படியாக உதவினவர் பேராசிரியர் இல்லை, கூட வந்த லேப் அசிஸ்டன்ட். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உலாத்திக்கொண்டிருந்தவர், எங்கள் அலமாரியில் இருந்த மைக்ராஸ்கோப்புகளைப் பார்த்தார். ஆறு இருக்கிறது. மழைக்காலத்து ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்து ஒன்றுமே தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படித்தான், ஸ்டாக் எடுக்கும்போது மட்டும் கணக்கில் வரும். அவர் பையிலிருந்து லென்ஸ் துடைக்கிற தாளும் ஒரு குப்பித் திரவமும் எடுத்தார். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும், குறுக்கே இழுத்தால் கீறும் என்று என் கையாலேயே செய்யவைத்தார். ஒன்றில் அடிக்கண்ணாடி உடைந்திருந்தது, ஒரு பழைய முகக்கண்ணாடித் துண்டை வெட்டி ஒட்டினார். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வை, நீல நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடு என்றார். இரண்டு மணி நேரத்தில் நாலு மைக்ராஸ்கோப் உயிர் பெற்றது. அவர் ஒரு போட்டோவிலும் இல்லை.

வேலந்தாவளத்தான்:

டீச்சர், அப்போது என் கட்சிக்குத்தானே வருகிறீர்கள்? பேனர் போட்டவன் போய்விட்டான், பெயரில்லாதவன் வேலை செய்தான்.

சாக்பீஸ் டீச்சர்:

பாதி வழிக்குத்தான் வருகிறேன். வேன் வராமல் இருந்திருந்தால் அவரும் வந்திருக்க மாட்டார். அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள்.

எட்டாவதில் ஒரு பையன், அப்பா கள்ளு இறக்குகிறவர். நம் சித்தூர்ப் பக்கத்துக் கள்ளுதான் கேரளா முழுக்கப் போகிறது, எல்லாருக்கும் தெரியும். ஈஸ்ட் பாடம் எடுக்கும்போது அவன் கேட்டான்: "டீச்சர், சுண்ணாம்பு தடவின கலயத்தில் தெளுவு இனிப்பாவே இருக்கு, தடவாததில் மட்டும் ஏன் பொங்குது?" தெளுவு என்றால் பதநீர். பாடப்புத்தகத்தில் இருப்பதை விட நல்ல கேள்வி. மறுநாள் இரண்டு பாட்டிலில் இரண்டும் வந்தது. இரண்டு வாயிலும் பலூன் மாட்டினோம். கடைசி பீரியட் மணி அடிக்கும்போது ஒன்று விறைத்துக்கொண்டு நின்றது, இன்னொன்று வாடிய கத்திரிக்காய் மாதிரி தொங்கியது. சிவப்பு லிட்மஸைத் தெளுவில் தோய்த்தால் நீலமாகிறது. கள்ளில் ஒரு சொட்டு எடுத்துத் துடைத்துவைத்த மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கில் பார்த்தால் முட்டை முட்டையாக ஈஸ்ட், சிலதின் ஓரத்தில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மொட்டுவிடுதல் என்று இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். பிள்ளைகளுக்கு முன்னால் அதைச் சொல்லவில்லை.

வேலந்தாவளத்தான்:

ஸ்கூலுக்குள் கள்ளா? எந்த பிடிஏ ஒத்துக்கொண்டது?

சாக்பீஸ் டீச்சர்:

யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். உங்களை மாதிரியே.

கலயம்:

இத்தனை நாள் வாசித்துவிட்டுப் போகிறவன், இதற்காகக் கணக்குத் திறந்தேன். என் அப்பாவும் மரமேறிதான். நான் படிக்கும்போது அப்பா என்ன வேலை என்று கேட்டால் 'தோட்ட வேலை' என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அந்தப் பையன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளாஸுக்குள் நுழைந்ததைப் படித்ததும் கொஞ்ச நேரம் வேறெதுவும் ஓடவில்லை. வேலந்தாவளம் அண்ணா, பாட்டில் திரும்பி வந்தபோது காலியாக இருந்தால் சண்டை போடுங்கள்.

மறையூரான்:

டீச்சர், இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், சொல்லத் தெரியவில்லை. ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1972இல் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் திட்டம் தொடங்கினார்கள். டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) விஞ்ஞானிகளும் லீவு நாட்களில் போய் உட்கார்ந்து, பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்தே சோதனைகளைச் செய்து பார்த்தார்கள். பிள்ளைகளை விட ஆசிரியர்களிடம்தான் அதிக நேரம். அது பிறகு மாவட்டம் முழுக்கப் பரவியது. பல்கலைக்கழகத்தால் முடியாது என்று இல்லை.

நகரிக்காரன்:

அதன் முடிவையும் சொல்லிவிடுங்கள் தம்பி. 30 வருஷம் நடந்தது, 2002இல் மாநில அரசு ஒரு உத்தரவில் மூடிவிட்டது. அவ்வளவு பெரிய ஆட்கள் வேலை செய்தும் அதிகாரம் ஒரு கையெழுத்தில் இருந்தது. ஆசிரியர் நியமனத்தையும் பயிற்சியையும் அரசிடம் கேட்காமல், லேப் அசிஸ்டன்டின் நல்ல மனசை நம்பிப் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. டீச்சர் கதை நன்றாக இருக்கிறது. அவருக்கு மாற்றலானால் அலமாரியைத் திரும்பப் பூட்டிவிடுவார்கள்.

சாக்பீஸ் டீச்சர்:

பூட்டலாம். அதனால்தான் லென்ஸ் துடைக்க ஒன்பதாவதில் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பயிற்சி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். நான் போன பயிற்சிகள் பெரும்பாலும் மலையாளத்திலேயே நடந்தன. மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, புரியாமல் இல்லை. திரும்பி வந்து கிளாஸில் ஒவ்வொரு சொல்லையும் நானே தமிழாக்க வேண்டும். இந்த இடத்தில் உயர்கல்விக்காரர்கள் உதவலாம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது. அறிவியல் பிள்ளைகள் ஒரு பாடம் எடுக்க வருகிறார்களா, கூடத் தமிழ் படிக்கிற ஒருத்தரும் வரட்டும். முந்தின நாளே உட்கார்ந்து சொற்களைப் பேசிவைத்துக்கொண்டால் 'பலம்' வராது, 'விசை' வரும்.

அப்புறம் ஒரு கணக்கு. இருபது பேர் ஆறு மணி நேரம் வந்தார்கள், மொத்தம் 120 மணி. என்எஸ்எஸ்ஸில் சேர்ந்த ஒரு மாணவருக்கு வருஷத்துக்கு இத்தனை மணி சேவை என்று விதித்திருப்பதும் இதே 120தான். ஒரே நாளில் அதைக் கொட்டுவதற்குப் பதிலாக இரண்டே பேர், வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி நேரம், இருபது வாரம் வரட்டுமே. கணக்கு ஒன்றுதான்.

மறையூரான்:

டீச்சர், வேனை ஒரு தடவை அனுப்புவது சுலபம். இருபது வெள்ளிக்கிழமைக்கு இரண்டு பேரை விடுவிக்க எந்த கைடும் லேசில் சம்மதிக்க மாட்டார். என் கைடு நிச்சயம் மாட்டார்.

சாக்பீஸ் டீச்சர்:

நீங்கள்தான் டீசலுக்கு ஃபைல் வேண்டும் என்றீர்கள் தம்பி. இருபது வாரத்துக்கு இருபது கையெழுத்துப் பட்டியல், இருபது போட்டோ. ஃபைல் இன்னும் தடிமனாக இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள்.

மறையூரான்:

சிரித்துவிட்டேன். கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

வேலந்தாவளத்தான்:

சரி. 'வேண்டாம்' என்று எழுதியதைக் கிழித்துவிட்டேன், 'வாருங்கள்' என்றும் எழுதவில்லை. இப்படி எழுதியிருக்கிறேன்: முதலில் ஸ்கூல் அறிவியல் ஆசிரியரோடு ஒரு சனிக்கிழமை பேச வேண்டும், தமிழ் தெரிந்த ஒருத்தராவது வர வேண்டும், லேப் அசிஸ்டன்டைக் கட்டாயம் கூட்டி வர வேண்டும். நகரி சார் திட்டுவார், அதனால் காலிப் பணியிடம் பற்றி டிஇஓவுக்கு (மாவட்டக் கல்வி அதிகாரி) தனியாக ஒரு மனுவும் அதே கூட்டத்தில் வைக்கிறேன். கள்ளு விஷயம் எனக்கு இன்னும் செரிக்கவில்லை டீச்சர். இட்லி மாவை வைத்துச் செய்ய முடியாதா?

சாக்பீஸ் டீச்சர்:

மாவிலும் பலூன் உப்பும். ஆனால் சுண்ணாம்பு கேள்வி மாவில் வராது.

நகரிக்காரன்:

மனுவின் நகலை இங்கே போடுங்கள். எங்கள் பக்கமும் அப்படியே கொடுக்கிறேன், சித்தூர் என்கிற பெயரைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

கலயம்:

டீச்சர், உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன். அடுத்த தடவைக்கு இரண்டு வகையும் எங்கள் தோப்பிலிருந்தே தருகிறேன். மழை பிடித்துவிட்டால் கலயத்தில் தண்ணீர் இறங்கிவிடும், அதற்குள் ஒரு நாள் சொல்லுங்கள். காலை ஆறரைக்கு இறக்கியதும் கொண்டுவந்தால்தான் பலூன் ஒழுங்காக நிற்கும். பலூன் மட்டும் நீங்கள் வாங்கிவிடுங்கள்.