தும்மினாலும் கசிகிறது, கதவைத் திறப்பதற்குள்ளும் கசிகிறது: மாத்திரையா, ஆபரேஷனா?

சாம்பல்பூனை:
நேரில் கேட்கக் கூச்சம், அதனால் இங்கே. வயது 44, இரண்டும் சுகப்பிரசவம். தும்மினாலோ சத்தமாகச் சிரித்தாலோ யூரின் கொஞ்சம் கசிந்துவிடும், தும்மல் வரும்போதே காலைப் பின்னிக்கொண்டு நிற்பேன். அது பழகிவிட்டது. ஆனால் ஆறு மாதமாகப் புதிதாக ஒன்று, வாசலில் சாவியைப் போடும்போதே முட்டிக்கொண்டு வருகிறது, பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிடுகிறது. பயந்துபோய்த் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். மாத்திரை இருக்கிறதா, இல்லை ஆபரேஷன்தானா?

பிசியோக்காரி:
இந்த வேலைதான் செய்கிறேன். உங்களுக்கு இரண்டு வகை கலந்திருப்பதுபோல் தெரிகிறது. தும்மும்போது வருவது அழுத்தக் கசிவு, யூரின் பையை அடியில் தாங்கும் தசை தளர்ந்துபோனதால். சாவி விஷயம் அவசரக் கசிவு, பை நிறைவதற்கு முன்பே அதுவாகச் சுருங்குகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் வகைக்குக் கெகல் பயிற்சி. காற்றை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து மேலே தூக்குங்கள், வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஒரு தடவைக்கு எட்டு, தினம் மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். பலரும் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டுப் பலனில்லை என்கிறார்கள்! யூரின் போகும்போது பாதியில் நிறுத்திப் பழக வேண்டாம். காலைப் பின்னுவதற்குப் பதில் தும்மலுக்கு ஒரு நொடி முன்னால் இறுக்கிப் பாருங்கள்.

இரண்டாவதற்கு, முட்டும்போது ஓடாதீர்கள். அப்படியே நின்று ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கி விடுங்கள், அந்த அலை அடங்கியதும் நடந்து போங்கள். அப்புறம் பாத்ரூம் போகும் இடைவெளியைப் பத்துப் பதினைந்து நிமிடமாக நீட்டிக்கொண்டே வாருங்கள். தண்ணீரை ரொம்பக் குறைத்தால் யூரின் அடர்த்தியாகிப் பையை இன்னும் எரிச்சலாக்கும், குறைக்க வேண்டியது காபி, டீயைத்தான். புதிதாக வந்தது என்பதால் முதலில் யூரின் டெஸ்ட் செய்து தொற்று இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று நாள் எவ்வளவு குடித்தீர்கள், எவ்வளவு போனது என்று அளந்து எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

இரவுப்பணி:
மாத்திரையை நீங்களாக வாங்கிவிடாதீர்கள் அக்கா. என் அப்பாவுக்குச் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருந்தது, அவசரக் கசிவு என்று நினைத்து ஒரு இடத்தில் பையைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்தார்கள். நான்காம் நாள் அடியோடு நின்றுவிட்டது, அடிவயிறு பந்துபோல் ஆகிவிட்டது. ஸ்கேனில் பார்த்தால் பை வழிய வழிய நிறைந்திருக்கிறது, காரணம், ஆண்களுக்குப் பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்தது. நிறைந்து வழிந்ததைத்தான் கசிவு என்று நினைத்திருக்கிறோம். டியூப் போட்டு வடித்த பிறகுதான் மனுஷன் தூங்கினார். யூரின் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஸ்கேனை முதலிலேயே எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

மஞ்சள்குடை:
எனக்கு அழுத்தக் கசிவு மட்டும்தான். ஐந்து மாதம் பயிற்சி செய்தும் போதாமல், யூரின் குழாய்க்கு அடியில் ஒரு பட்டை வைத்துத் தாங்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது ஓடுகிறேன். ஆனால் அது அவசரக் கசிவுக்கான ஆபரேஷன் இல்லை என்று அப்போதே சொன்னார்கள். அதற்கு சாலிஃபெனாசின், மிராபெக்ரான் மாதிரி மாத்திரைகள், அதிலும் அடங்காவிட்டால் பையில் போடாக்ஸ் ஊசி. சாலிஃபெனாசினில் வாய் வறளும், மலச்சிக்கல் வரும். மிராபெக்ரானில் பிரஷரைக் கவனிக்கச் சொல்வார்கள்.

பிசியோக்காரி:
ஒன்று விட்டுப்போனது. யூரினில் ரத்தம் தெரிந்தாலோ, திடீரென்று கட்டுப்பாடே போய்த் தொடையிடுக்கு மரத்துக் கால் பலவீனமானாலோ பயிற்சி, டைரி எதுவும் வேண்டாம். ரத்தம் என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், மரத்துப்போனால் நேராக எமர்ஜென்சி.

சாம்பல்பூனை:
எல்லோருக்கும் நன்றி. டெஸ்டில் தொற்று இல்லை. மூன்று நாளும் அளவுக் கோப்பையோடுதான் பாத்ரூம் போனேன், வீட்டில் ஒரே சிரிப்பு. நேற்று சாவியைப் போடும்போது உயிர் போகிற மாதிரி முட்டியது, ஒரு சொட்டு விடாமல் அடக்கிக்கொண்டு போய்ப் பிடித்துப் பார்த்தால் 120 மில்லி. காலையில் எழுந்தவுடன் நிதானமாகப் போனது 410!