கொரோனா காலத்தில் தற்கொலை முயற்சிகள் நிஜமாகவே கூடியதா?

கோத்தகிரிக்காரன்:
எங்கள் ஊர் டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தாலே, ஊரடங்கு போட்ட மறுநாளிலிருந்து தற்கொலை முயற்சி எகிறிவிட்டது என்றுதான் சொல்கிறார்கள். 2020-இல் ஊட்டி சீசனே இல்லை, டாக்ஸி ஓட்டுபவர்களும் லாட்ஜில் வேலை பார்த்தவர்களும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அதனால் நம்பும்படிதான் இருக்கிறது. கணக்கு அப்படிச் சொல்கிறதா?

சிம்ஸ்பார்க் வாசி:
மறுநாளே என்பது சரியில்லை. 21 நாடுகளை, பெரும்பாலும் வசதியான நாடுகளை, வைத்து லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் 2021-இல் வந்த ஆய்வில் முதல் சில மாதங்களில் தற்கொலைச் சாவு கூடவில்லை. ஜப்பானில் முதலில் குறைந்து, ஜூலையிலிருந்து ஏறியது, அதிலும் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் அதிகமாக. இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2019-இல் 1,39,123, 2020-இல் 1,53,052, 2021-இல் 1,64,033. ஏறியதுதான், ஆனால் கொரோனாவுக்கு முன்பே ஏறுமுகம். இதெல்லாம் சாவுக் கணக்கு, பிழைத்தவர்கள் இதில் வரமாட்டார்கள்.

வார்டு சிஸ்டர்:
முயற்சி வேறு, சாவு வேறு, இரண்டும் ஒரே பக்கம் போகாது. அமெரிக்காவில் 2020-இல் சாவு குறைந்தது, ஆனால் 2021 பிப்ரவரி, மார்ச்சில் முயற்சி என்ற சந்தேகத்தில் அவசரப் பிரிவுக்கு வந்த 12 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகள் 2019-ஐ விட 50.6% அதிகம், பையன்கள் 3.7%தான். நம் மலையில் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து பஸ் இல்லாத நாளில் யார் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார்கள்? வந்தாலும் "வயிற்று வலின்னு எழுதுங்க சிஸ்டர்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவார்கள், போலீஸ் கேஸ் பயம். 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு வந்த பிறகு, முயற்சி செய்தவர் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. சொன்னாலும் நம்புவதில்லை.

டூரிஸ்ட் வண்டி:
ஊரடங்கில் எல்லோருக்கும் ஒரே கதி, ரேஷனில் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள், ரிசர்வ் வங்கி தவணையைத் தள்ளிப்போட விட்டது, ஓடியது. ஆகஸ்ட் 31-ஓடு அது முடிந்ததும்தான் எனக்கு மனசு விட்டுப்போனது. வண்டிக் கதவைத் திறந்தால் சீட்டெல்லாம் பூசணம், வாசலில் குழுக் கடன்காரர்கள். அப்போது என்னென்னவோ யோசனை வந்தது, இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

வார்டு சிஸ்டர்:
அண்ணா, இங்கே எழுதினது நல்லது. இப்போது எப்படி இருக்கிறீர்கள்? இன்னும் அந்த யோசனை வந்தால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.