மறுமொழி: கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் – ‘மணிக்கட்டு நரம்பிறுக்கம்’ எனலாமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகும் ‘கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்’ என்ற நோய்க்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘மணிக்கட்டுக் குகை நோய்க்குறித்தொகுப்பு’ என்பதே மூலத்துக்கு நெருக்கம். அதையே கொள்ளலாம்.

மூலத்துக்கு நெருக்கம்தான், நோயாளிக்கு வெகுதூரம். நான் கை மறுவாழ்வுப் பிரிவில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். ‘இரவில் கை மரத்துப்போகிறது, எழுந்து உதறினால் சரியாகிறது’ என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். பலர் இரத்த ஓட்டக் குறைவு என்று எண்ணெய் தேய்த்தோ, கழுத்தெலும்புத் தேய்மானம் என்று நம்பியோ மாதங்களைக் கழித்திருப்பார்கள். அதற்குள் கட்டைவிரலின் அடிச்சதை வற்றிவிட்டால், அறுவை செய்தும் பழைய வலு முழுதாகத் திரும்பும் என்று உறுதி கூற முடியாது. ஆகவே பெயரிலேயே ‘நரம்பு’ இருந்தாக வேண்டும்.

மணிக்கட்டின் சிற்றெலும்புகள் வளைந்து ஒரு பள்ளம் அமைக்க, அதன்மேல் தடித்த நார்ப்பட்டை கூரையாக நிற்கிறது. அந்த இடுக்கில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் செல்கின்றன. தசைநாண் உறைகள் வீங்கினால் நசுங்குவது நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு வேறு வழியில் செல்வதால் அது தப்பும். கர்ப்பிணிகளிடமும், நீரிழிவும் தைராய்டு குறைபாடும் உள்ளவர்களிடமும் இது அதிகம். தொடக்கத்தில், மணிக்கட்டை அசையாமல் தாங்கும் பட்டையை இரவில் கட்டுவதே பலருக்குப் போதும். முற்றினால் அந்த நார்ப்பட்டையை வெட்டி நரம்பை விடுவிக்கிறார்கள்.

> ‘நரம்பழுத்தம்’ போதாதா?

ஊசி போடும் இரத்தக் குழாயையும் நம் மக்கள் நரம்பு என்றே சொல்கிறார்கள். ‘நரம்பழுத்தம்’ என்றால் இரத்த அழுத்தத்தோடு குழம்பும். ‘இறுக்கம்’ வேறிடங்களுக்கும் பொருந்தும்: முழங்கையில் சுண்டுவிரல் நரம்பு நசுங்குவது ‘முழங்கை நரம்பிறுக்கம்’. அந்த நரம்பு மணிக்கட்டிலும் நசுங்கலாமே என்ற ஆட்சேபம் சரியானது. பாடநூலில் ‘மணிக்கட்டு நடுநரம்பிறுக்கம்’ என்று விரித்து எழுதுவோம். புறநோயாளிச் சீட்டில் குறுகிய வடிவம் போதும்.

‘டிரிகர் ஃபிங்கர்’ என்பதற்கு முன்மொழிந்த ‘விசைவிரல்’ எனக்கு உடன்பாடில்லை. வலுவுள்ள விரல் என்று பொருள்படுகிறது. இந்த நோயில் தசைநாண் அதன் உறையின் வாயில் சிக்கி, மடக்கிய விரல் நிமிர மறுத்து, பிறகு சடக்கென விடுபடுகிறது. ‘சிக்குவிரல்’ என்போம்.

> இவர்களுக்கு மருத்துவம் செய்பவர் ‘கரதல அறுவையாளர்’.

வேண்டவே வேண்டாம். ‘கரதலம்’ என்றால் உள்ளங்கை. இந்த அறுவையாளர்கள் அதோடு நிற்பதில்லை. மணிக்கட்டு, முன்கை, முழங்கை நரம்புகள் வரை பார்க்கிறார்கள். தமிழில் ‘கை’ தோள் முதல் விரல்நுனி வரை எல்லாவற்றையும் குறிக்கும். ‘கை அறுவை மருத்துவர்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் வெங்கடசாமி கை அறுவைக்கென்றே துறையை வளர்த்தார். இவ்வளவு காலம் இங்கே வேரூன்றிய துறைக்கு, கிராமத்திலிருந்து வருகிறவர் வழி கேட்கும்போது சொல்லக்கூடிய பெயர் வேண்டும்.

ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்குக் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வரும் வலியை, 1895இல் விவரித்த சுவிஸ் மருத்துவர் டி குவர்வெயின் பெயராலேயே அழைக்கிறோம். ஆள்பெயரை அப்படியே வைப்பதா, ‘கட்டைவிரல் தசைநாண் உறையழற்சி’ என்பதா? மகப்பேற்றுப் பிரிவில் பணிபுரிவோர் கருத்துச் சொன்னால் உதவும்.